சின்னப் பிள்ளைகளோடு கிறிஸ்மஸ் காலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாளையங்கோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து, குளச்சல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டில் விடியற்காலை ஆராதனை, புகுந்த வீட்டில் நள்ளிரவுப் பூசை, ஒரு வருஷம் அங்கே என்றால் மறு வருஷம் இங்கே, இரண்டையும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்த்தாயிற்று. மூத்தவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 3. கோயிலில் மறைக்கல்வி வகுப்பும் எடுப்பதால் டிசம்பர் பிறந்தாலே இளம் தாய்மார் ஆளாளுக்கு ஒரு கேள்வியோடு வருவார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விடியற்காலை 4 மணி ஆராதனைக்கு 3 வயதுப் பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போகலாமா? பாவமாக இருக்கிறதே.

கூட்டிப்போங்கள். காய்ச்சல், இளைப்பு இல்லாத பிள்ளை என்றால் கட்டாயம் கூட்டிப்போங்கள் என்றுதான் சொல்வேன். திருநெல்வேலிப் பக்கம் பல சி.எஸ்.ஐ. கோயில்களில் கிறிஸ்மஸ் ஆராதனை இருட்டோடு தொடங்கும், முடிந்து வெளியே வரும்போது விடிந்திருக்கும், அந்த விடியலைப் பிள்ளைக்கு வேறு எந்த வழியிலும் காட்ட முடியாது. 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய எங்கள் ஊசிக்கோபுரக் கோயிலுக்கு அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். மார்கழிப் பனி, அப்பாவின் புதுச் சட்டையில் கஞ்சி வாசனை, வழியெல்லாம் வீட்டு வாசல்களில் தொங்கும் ஸ்டார்களின் சிவப்பு வெளிச்சம். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை, அந்த வழி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அதற்கான வேலை முந்தின நாளே நடக்க வேண்டும். 24-ஆம் தேதி மத்தியானம் தூங்க வைத்தாலும் ராத்திரி 8 மணிக்குள் படுக்க வையுங்கள். நடக்காது என்பீர்கள், பலகார வேலையை 23-ஆம் தேதியோடு முடித்துவிட்டால் நடக்கும். அதிகாலையில் தலைக்கு ஊற்ற வேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே குளிப்பாட்டிவிட்டு, காலையில் வெந்நீரில் துணியை நனைத்து முகம் கை கால் துடைத்தால் போதும். கொஞ்சம் பால், ஒரு வாழைப்பழம் கொடுத்துக் கிளம்புங்கள், வெறும் வயிற்றோடு வேண்டாம். கோயிலில் பக்கவாசல் ஓரத்துப் பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள். மடியில் தூங்கிவிட்டால் தூங்கட்டும். பாட்டுச் சத்தத்தில் தூங்குவதும் ஆராதனையில் இருப்பதுதான். கைக்குழந்தை என்றாலோ, உங்களுக்கே முடியவில்லை என்றாலோ, இரண்டாம் ஆராதனை வைக்கிற கோயில்கள் நிறைய இருக்கின்றன, அதற்குப் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

நள்ளிரவுப் பூசை என்றால்?

அது இன்னும் கஷ்டம், ஏனென்றால் பிள்ளை தூங்கி எழுந்து வராது, தூக்கத்தை அடக்கிக்கொண்டு வரும். சாயங்காலம் 6 மணிக்கே சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்து, 11 மணிக்கு எழுப்பித் தூக்கிக்கொண்டு போவது என் மாமியார் சொல்லிக்கொடுத்த வழி. ஒரு விஷயத்துக்கு மட்டும் பிள்ளை விழித்திருக்கப் பாருங்கள்: 'உன்னதங்களிலே' பாடும்போது மணி எல்லாம் சேர்ந்து அடித்து, குழந்தை இயேசு சுரூபத்தைக் குடிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்த நேரம் தூக்கிக் காட்டுங்கள். அது போதும், மற்ற நேரமெல்லாம் தூங்கட்டும்.

ராத்திரியில் வரும் கிறிஸ்மஸ் தாத்தாவைப் பார்த்து என் பிள்ளை அலறுகிறாள். என்ன செய்வது?

வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் மேல் தப்பே இல்லை, பாவம், ஊர் முழுக்க நடந்து தொண்டை கட்டிப்போய் வருகிறார்கள். ஆனால் ராத்திரி 1 மணிக்குத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் முகமூடியும் பஞ்சுத் தாடியும் வைத்து ஆடிக்கொண்டிருக்கிற ஆள் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தால் எந்தப் பிள்ளையும் அலறத்தான் செய்யும். கொடுக்காதீர்கள். உங்கள் தோளிலேயே இருக்கட்டும், ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும், மிட்டாயை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு 4 வயதாக இருந்தபோது தாத்தாவாக வந்த பையனிடம் முகமூடியை ஒரு நிமிஷம் கழற்றிக் காட்டச் சொன்னேன். அவனும் முட்டங்கால் போட்டு உட்கார்ந்து கழற்றிக் காட்டி, 'பாரு, நான்தான்' என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டான். அன்றோடு பயம் போயிற்று, அடுத்த வருஷம் என் மகன்தான் வாசலில் முதல் ஆளாக நின்றான்.

கிறிஸ்மஸ் தாத்தா உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்டால் என்ன சொல்ல?

உண்மையைச் சொல்லுங்கள், அதுவே நல்ல கதைதான். நிக்கோலா என்று ஒருவர் இருந்தார், கி.பி. 4-ஆம் நூற்றாண்டில், இப்போது துருக்கி என்கிறோமே அந்த நாட்டில், மீரா என்ற ஊரில் பிஷப்பாக இருந்தார், ஏழைகளுக்கு யாருக்கும் தெரியாமல் உதவினார் என்று அவரைப் பற்றிச் சொல்லி வருகிறார்கள், அவர் திருநாள் டிசம்பர் 6, அவர் நினைவாகத்தான் இந்த அண்ணன்மார் தாத்தா வேஷம் போடுகிறார்கள் என்று சொன்னால் 5 வயதுப் பிள்ளைக்கே புரிகிறது. நம் ஊரில் தாத்தா புகைக்கூண்டு வழியாக வருவதில்லை, தெருவழியாகக் கூட்டத்தோடு வருகிறார், பிள்ளைகள் செருப்பைப் பார்த்தே எந்த வீட்டு மாமா என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். பொய் சொல்லிக் காப்பாற்ற அங்கே ஒன்றுமில்லை. 'சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் தாத்தா ஒன்றும் தரமாட்டார்' என்று மிரட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தப் பண்டிகையே நாம் சம்பாதிக்காமல் கிடைத்த ஒன்றைப் பற்றியது.

பிறப்பின் கதையைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? வேதாகமத்தை வாசித்தால் புரியவில்லை.

வாசியுங்கள், பிறகு உங்கள் சொல்லில் சொல்லுங்கள். லூக்கா 2-ஆம் அதிகாரம் முதல் 20 வசனம், மெதுவாக வாசித்தாலும் 5 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பிள்ளைக்குப் புரியாத வார்த்தைதான் உங்களுக்குக் கதை சொல்ல இடம். 'முன்னணை' என்று பழைய மொழிபெயர்ப்பில் வரும். நம்மில் பாதிப் பேர் அது ஏதோ மெத்தை மாதிரி என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தோம். அது மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி. போன வருஷம் வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை எழுந்து, 'அப்போ மாடு எதிலே சாப்பிட்டது?' என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. தன் சாப்பாட்டுத் தொட்டியை விட்டுக்கொடுத்த மாட்டைப் பற்றி அன்றைக்கு முழுக்கப் பேசினோம், தனக்குக் கிடைத்த பிஸ்கட்டில் பாதியைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துவிட்டு, 'நானும் மாடுதான்' என்றாள் அதே பிள்ளை.

அப்புறம், மாடு கழுதை இரண்டும் லூக்கா எழுதியதில் இல்லை, தொட்டி இருந்ததால் நாம் சேர்த்துக்கொண்டோம். குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகள், அதாவது ஞானிகள், மூன்று பேர் என்றும் வேதத்தில் இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்று ஆகிவிட்டார்கள். அவர்கள் வந்தது மத்தேயு 2-இல், அதுவும் தொழுவத்துக்கு இல்லை, 'வீட்டுக்குள்' என்று இருக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் இதைப் புதிர் மாதிரிக் கேளுங்கள், புத்தகத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பார்கள். ஏரோது குழந்தைகளைக் கொன்ற பகுதியை 7, 8 வயதுக்கு முன்னால் நான் சொல்வதில்லை. 'கெட்ட ராஜா ஒருத்தன் இருந்தான், அதனால் இரவோடு இரவாக எகிப்துக்குப் போனார்கள்' என்பதோடு நிறுத்துகிறேன்.

இயேசு நிஜமாகவே டிசம்பர் 25-ஆம் தேதிதான் பிறந்தாரா என்று பெரியவன் கேட்கிறான்.

தேதி வேதத்தில் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். 4-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரி சபை டிசம்பர் 25-ஐக் கொண்டாடியதற்குப் பதிவு இருக்கிறது, அதிலிருந்து பரவி நம்மிடம் வந்தது, ரஷ்யாவில் ஜனவரி 7-இல் கொண்டாடுகிறார்கள். பிறந்த தேதி தெரியாத ஆச்சிக்கு நாம் ஒரு நாள் குறித்துக் கேக் வெட்டவில்லையா, அதுபோலத்தான் என்று நான் சொன்னேன், அவனுக்கு அது போதுமாக இருந்தது.

குடில் கட்டும்போது பிள்ளைகள் எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறார்கள்.

அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குடில் கொடுத்துவிடுங்கள். களிமண்ணிலோ அட்டையிலோ செய்த உருவங்கள், உடைந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி. கண்ணாடி, பீங்கான் சுரூபங்கள் மேல் தட்டில் இருக்கட்டும். முதல் முதலாக 1223-இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் குடில் வைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்தினார், தொட்டுப் பார்ப்பதற்குத்தான் குடில்.

பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு நல்ல வேலை இருக்கிறது. டிசம்பர் 13, 14 வாக்கில் ஒரு தட்டில் மண்ணைப் பரப்பிக் கேழ்வரகைத் தூவி, தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். 24-ஆம் தேதிக்குள் விரல் உயரத்துக்குப் பச்சைப் புல் நிற்கும், குடிலுக்கு முன்னால் அதை வைக்கலாம். என் மகள் காலையில் எழுந்து பல் தேய்க்கும் முன்பே அந்தத் தட்டைப் போய்ப் பார்ப்பாள். இன்னொன்று, குழந்தை இயேசு சுரூபத்தை முன்கூட்டியே வைக்காதீர்கள். தொட்டி காலியாகவே இருக்கட்டும். 25-ஆம் தேதி கோயிலிலிருந்து வந்ததும் வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை அதை எடுத்து வைக்கட்டும். சாஸ்திரிகளை அலமாரியின் அந்தக் கோடியில் நிறுத்தி, நாளைக்கு ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளன்று கொண்டுவந்து சேர்க்கலாம். கிறிஸ்மஸ் ஒரே காலையில் முடிந்துபோகாமல் இருக்க இது நல்ல வழி.

புதுத் துணி போட்டதும் அழுகிறாள். அவ்வளவு காசு கொடுத்து எடுத்த ஃபிராக்!

குத்துகிறது, அதனால் அழுகிறாள். வலைத் துணி, ஜரிகை, இடுப்பில் பட்டை, கழுத்தில் லேபிள். வாங்கியதும் ஒரு தடவை அலசிக் காயப்போடுங்கள், லேபிளைத் தையல் பிரித்து எடுத்துவிடுங்கள், உள்ளே பருத்தியில் ஒரு கையில்லாத பெட்டிகோட் போட்டுவிடுங்கள். முந்தின வாரமே ஒரு மணி நேரம் போட்டு விளையாட விடுங்கள். புதுத் துணியைப் பண்டிகைக்கு முன்னால் போடக் கூடாது என்று ஆச்சிமார் சொல்வார்கள்தான், சின்னப் பிள்ளைக்கு அந்தச் சட்டம் வேண்டாம். போட்டோ எடுத்து முடித்ததும் பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

பரிசுகளை எப்போது பிரிப்பது?

நம் வீடுகளில் கிறிஸ்மஸ் என்றால் புதுத் துணிதான், காகிதத்தில் சுற்றிய பரிசு நம்மிடம் பிந்தி வந்த பழக்கம். இருந்தால் நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்குக் கிளம்பும் முன் பிரித்தால், கோயிலில் முழு நேரமும் பிள்ளை அந்தக் காருக்காக அழும். வந்து, குழந்தையைக் குடிலில் வைத்து, சின்னதாக ஒரு ஜெபம், இட்லி, அதன் பிறகு பரிசு. எங்கள் வீட்டு வரிசை அதுதான். ஆளுக்கு ஒன்று. பெரியம்மா, சித்தி, மாமா எல்லாம் கொண்டுவருவதை அன்றே கொடுக்காமல் எடுத்து வைத்து, புது வருஷம் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். 2 வயதுப் பிள்ளை முன்னால் 6 பொட்டலத்தை வைத்தால் கடைசியில் அது காகிதத்தைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதைக் கட்டாயம் பாருங்கள்: பாடுகிற, மின்னுகிற மலிவுப் பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் பொத்தான் மாதிரி சின்ன பேட்டரி இருக்கும். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், வெளியே வரட்டும் என்று காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடியது அது, பண்டிகை நாள் என்று பார்க்க வேண்டாம்.

காலையில் என்ன சமைப்பது? பிள்ளைகள் பலகாரமாகவே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் தலைமுறையாக இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். கறியை 24-ஆம் தேதி ராத்திரியே குழம்பு வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் கொதிக்கவிட்டு இறக்கலாம், ருசியும் கூடும். சின்னப் பிள்ளைக்கு ஒரு கரண்டிக் குழம்பில் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றிக் காரத்தைக் குறைத்துக் கொடுங்கள். வயிறு நிறைய இட்லி போன பிறகு பலகாரத் தட்டைத் திறந்தால் ஒரு அச்சு முறுக்கோடு நின்றுவிடும். மத்தியானப் பிரியாணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்குள் பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள்.

பலகாரம் சுடுவதில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், எண்ணெய் கிட்டே விடாமல். கலகலாதான் அவர்களுக்கு ஏற்றது. மாவைச் சுண்டைக்காய் அளவு கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி உருட்டினால் வரி வரியாகச் சங்கு மாதிரிச் சுருண்டு வரும். என் மகன் உருட்டுவது எல்லாம் வெவ்வேறு அளவு, பொரித்தால் சின்னது கருகும், பெரியது உள்ளே வேகாது, அதனால் அவனுடையதைத் தனியாக ஒரு ஈடு போட்டு எடுப்பேன். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கிண்ணத்தைத்தான் அவன் நீட்டுகிறான். அச்சு முறுக்குக்கு அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடேற்றி, மாவில் முழுக்க முக்காமல் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும், முழுக்க முக்கினால் முறுக்கு அச்சை விட்டு வராது. அது பெரியவர்கள் வேலை. முந்திரிக்கொத்துக்குப் பாகு சேர்த்த பயற்று மாவைச் சூடு இருக்கும்போதே பிடிக்க வேண்டும், பிள்ளைகள் கை தாங்காது. நீங்கள் உருட்டிப் போட்டால் அவர்கள் தட்டில் எண்ணி அடுக்கட்டும்.

4 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழு முந்திரி, வேர்க்கடலை, கல்லு மாதிரி இருக்கிற முந்திரிக்கொத்து எதையும் முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நுணுக்கிக் கொடுங்கள், உட்கார வைத்துக் கொடுங்கள். கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறவைக்கிற வீடு என்றால் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்துத் தனியாக ஒன்று போடலாம்.

பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுபோக நேரமே கிடைப்பதில்லை. மறுநாள் கொடுத்தால் போதாதா?

காலையிலேயே கொடுங்கள், பிள்ளை கையால் கொடுங்கள். கிறிஸ்மஸ் காலையில் ஒரு பிள்ளைக்குச் செய்யக் கிடைக்கிற வேலைகளிலேயே இதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன், மற்ற எதை விட்டாலும் இதை விட மாட்டேன். எங்கள் வலது பக்கத்து வீட்டில் தீபாவளிக்கு அதிரசம் வரும், எதிர் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் வரும். நாம் கொடுக்கும் நாள் இது. பூப்போட்ட துணி மூடிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே விழாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்து, வாசலில் நின்று 'ஹேப்பி கிறிஸ்மஸ் அத்தை' என்று சொல்கிற முகத்தைப் பாருங்கள். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, கொஞ்சம் சீனியாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். அதைக் கொண்டுவந்து காட்டுவதில் பிள்ளைக்குப் பரிசைவிடச் சந்தோஷம்.

டிசம்பரில் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிற வீடுகள் இருக்கும். கேக்கிலும் அச்சு முறுக்கிலும் முட்டை சேர்க்கிறோம், ஆகவே அந்த வீடுகளுக்குப் பழமோ, முட்டை சேராமல் புது எண்ணெயில் சுட்ட முந்திரிக்கொத்தோ தனியாக எடுத்து வையுங்கள், 'இதில் முட்டை இல்லை' என்று சொல்லப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஏன் என்று கேட்பான், சொல்லுங்கள். அடுத்தவர் விரதத்தை மதிப்பது அந்த வயதிலேயே வந்துவிடும்.

பட்டாசு வெடிக்கலாமா?

தெற்கே கிறிஸ்மஸுக்கும் பட்டாசு உண்டு, வெடிக்காதே என்றால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். ஆனால் உச்ச நீதிமன்றம் 2018-இல் கொடுத்த தீர்ப்பில் கிறிஸ்மஸ் முந்தின இரவு 11.55 முதல் 12.30 வரைதான் நேரம் குறித்திருக்கிறது, தூங்குகிற சின்னப் பிள்ளைகளுக்கு அது எப்படியும் ஆகாது. கம்பி மத்தாப்பு ஆபத்தில்லாதது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. அணைந்த பிறகும் கம்பி கொதிக்கும், வெறுங்காலில் மிதித்துத்தான் நிறையப் பிள்ளைகளுக்குக் காயம். வலைத் துணி ஃபிராக்கோடு நெருப்புப் பக்கம் விடவே விடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள், பேஸ்ட், இட்லி மாவு, இங்க் எதையும் தடவ வேண்டாம்.

அப்பா வளைகுடாவில் இருக்கிறார். பிள்ளை காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கதை இது. அங்கே அன்றைக்கு வேலை நாள் என்பதை முதலில் பிள்ளைக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் அப்பாவுக்கு வர விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்ளும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். நமக்குக் காலை 7 என்றால் துபாயில் 5.30, அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் பேசிவிடலாம், நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியதும் பேசுவது அந்தக் கணக்கில்தான். என் வீட்டுக்காரர் துபாயில் இருந்த 2 வருஷமும், குழந்தையைக் குடிலில் வைக்கிற நேரம் போனைக் குடில் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். 'ஹலோ, சாப்பிட்டியா, துணி நல்லா இருக்கா' என்று கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பேச்சு வராது. அவர்கள் செய்கிற ஒன்றை அப்பா கூடவே இருந்து பார்க்கட்டும். ஜெபத்தை அப்பா போனில் சொல்லட்டும்.

இந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு. ஸ்டார் போடலாமா, பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாமா?

முதல் கிறிஸ்மஸ் கொண்டாடாமல் இருப்பது பல குடும்பங்களில் வழக்கம், பெரியவர்கள் மனசைப் புண்படுத்தச் சொல்லமாட்டேன். பலகாரம் சுட வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் ஸ்டார் போடுங்கள். இருட்டில் இருந்த ஜனத்துக்கு வெளிச்சம் வந்தது என்று வாசிக்கிறோமே, துக்க வீட்டுக்குத்தானே அது முதலில். எங்கள் அப்பா இறந்த வருஷம் அம்மா முதலில் வேண்டாம் என்றார்கள், 23-ஆம் தேதி ராத்திரி அவர்களே என் மகனைக் கூப்பிட்டு, 'தாத்தா கட்டுகிற இடத்திலேயே கட்டு மக்கா' என்றார்கள். ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். பிள்ளைகள் அங்கே தாத்தாவிடம் தங்கள் துணியைக் காட்டினார்கள். யாரும் தடுக்கவில்லை.

எங்கள் கடற்கரை ஊரில் 26-ஆம் தேதி சுனாமி நினைவுத் திருப்பலி. பண்டிகைக்கு மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போவதா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கரை முழுக்கக் கிறிஸ்மஸ் ஸ்டார் இறக்காத வீடுகளைத்தான் கடல் கொண்டுபோயிற்று. என் கணவர் குடும்பத்திலும் இழப்பு உண்டு. நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். படங்கள், வீடியோ எதுவும் காட்டுவதில்லை. 'இவர்கள் நம் ஆட்கள், இவர்களும் அந்த வருஷம் நம்மைப்போலக் கிறிஸ்மஸ் கொண்டாடினவர்கள், இன்றைக்கு அவர்களுக்குப் பூ வைக்கிறோம்' என்று சொல்கிறோம். கடல் திரும்ப வருமா என்று கேட்டால், இப்போது எச்சரிக்கை சொல்ல ஏற்பாடு இருக்கிறது, சொன்னால் உடனே மேட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

இந்த வருஷம் கையில் காசே இல்லை.

ஒரு நல்ல துணி எல்லாரிடமும் இருக்கும், துவைத்துத் தேய்த்துப் போடுங்கள். பழைய நோட்டு அட்டையில் ஸ்டார் வெட்டிச் சாக்லேட் காகிதம் ஒட்டலாம். அரைக் கிலோ மாவில் கலகலா போட்டால் நான்கு வீட்டுக்குக் கொடுக்கலாம். கடன் வாங்கிச் செய்யாதீர்கள், ஜனவரி முழுக்க வீட்டில் நடக்கும் சண்டை பிள்ளை காதில்தான் விழும்.

எல்லாம் சரியாகச் செய்தும் 10 மணிக்கு வீடே ஒப்பாரி. ஏன்?

3 மணிக்கு எழுந்த பிள்ளைக்கு 10 மணி என்பது சாயங்காலம் மாதிரி. பசியும் இல்லை, பிடிவாதமும் இல்லை, தூக்கம். வருகிற சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதீர்கள். பாட்டை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, பழைய பாவாடை ஒன்றை விரித்து நீங்களும் பக்கத்தில் படுங்கள். பாத்திரம் கிடக்கட்டும், யாராவது வந்தால் ஆச்சி காபி போட்டுக் கொடுப்பார்கள். என் மகள் போன வருஷம் ஒரு கையில் சாஸ்திரியின் ஒட்டகத்தையும் இன்னொரு கையில் பாதி கடித்த அச்சு முறுக்கையும் பிடித்துக்கொண்டு தூங்கினாள், முறுக்கை மட்டும் எடுத்துவிட்டேன்.